அம்மா தேர்ந்தெடுத்த தரை

தங்காக்,
9 ஆகஸ்டு 1936

அன்பு மகள் புஷ்பவள்ளிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். அலோர் ஸ்டாரில் நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் சுகந்தானா என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

உன் கடிதமும் அதில் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த குளியலறைப் படமும் கிடைத்தன. வேலை முடிந்த பிறகு எழுதலாமென்று இருந்ததால் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. மார்ச்சு மாதம் குளியலறையில் பாசி பிடித்த பலகைத் தரையில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததிலிருந்து உன் அம்மா குளியலறைக்குள் போகவேயில்லை என்பதை உனக்கு எழுதாமல் மறைத்துவிட்டேன். எலும்பு கூடிக் கோலூன்றி நடக்கத் தொடங்கியும் பயம் போகவில்லை. அடுத்த வீட்டு ஜெய்னம்புதான் தினமும் காலையில் வந்து, வீட்டுக்குப் பின்னால் சாக்கு மறைப்பில் முக்காலி போட்டுக் குளிப்பாட்டிவிட்டாள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நன்றி சொல்லப் போனால், “எங்க உம்மாவா இருந்தா செய்ய மாட்டேனா அண்ணே” என்று வாயை அடைத்துவிடுவாள். ஆனாலும் இன்னொருத்தி கையை எதிர்பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று தலை துவட்டும்போதெல்லாம் உன் அம்மாவுக்குக் கண் கலங்கும்.

நீ எழுதியபடி வெள்ளைப் பீங்கான் ஓடு போடத்தான் எனக்கும் ஆசை. மூவாருக்குப் பஸ் ஏறிப் போய் மாதிரிக்கு நாலு ஓடு வாங்கிவந்து கொத்தனார் செல்லப்பனிடம் காட்டினேன். அவர் அவற்றை மணலில் பதித்துச் சவர்க்காரத் தண்ணீரை ஊற்றி, “அண்ணே, செருப்பக் கழட்டிட்டு ஏறி நில்லுங்க” என்றார். ஏறினேன், மறு அடி வைக்குமுன் சறுக்கி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா சிரித்தாள் பார், விழுந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். “இத செவத்துல ஒட்டலாம்லா, காலுக்கு வேணாம்” என்றார் செல்லப்பன். செங்கல் பாவலாமா என்றேன், நம் ஊர் மழைக்கு மறுபடி பாசி பிடிக்கும் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு, “அக்கா, நடக்கப் போறது நீங்க, நீங்களே சொல்லுங்க” என்று அவளைக் கேட்டார். இத்தனை வருஷத்தில் வீட்டுக் காரியம் எதையும் நான் அவளைக் கேட்டுச் செய்ததில்லை, வெட்கமாயிருந்தது.

மாதிரிக்காகச் செல்லப்பன் மூன்று விதமாகச் சிமிட்டி பூசிக் காயவைத்தார். ஜெய்னம்புவின் தோளைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா ஈரக்காலோடு ஒவ்வொன்றிலும் நின்றாள். வழவழப்பாகப் பூசியதில் நிற்கப் பயம் என்றாள், பொடிக்கல் கலந்தது குத்துகிறது என்றாள். ஈரச் சிமிட்டியில் தேங்காய்நார்க் கயிற்றை அழுத்தி வரிவரியாகக் கோடு போட்டிருந்ததில் நின்றதும், “இதுதாங்க, இதுல கால் நிக்குது” என்றாள். அதையே, தண்ணீர் தேங்காமல் வடிகால் பக்கம் சற்றுச் சரிவாகப் போட்டோம். ஒரு வாரம் ஈரச்சாக்குப் போர்த்தி இறுகவிட்டோம். நீ சொன்ன வெள்ளை ஓடுகள் சுவரில் அழகாக இருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை அவளே கோலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். வெளியில் நானும் ஜெய்னம்புவும் கதவையொட்டி நின்றோம். தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு, “என்னங்க, இன்னும் அங்கயே நிக்கிறீங்களா? கடைக்கு நேரமாகல?” என்று குரல் வந்தது. அன்று ஜவுளிக்கடையில் இரண்டு தரம் தப்பாக அளந்தேன், முதலாளி நல்லவர், அளவுகோலை வாங்கி அவரே அளந்து கொடுத்தார். மறுநாள் ஜெய்னம்பு பழக்கத்தில் அதே நேரத்துக்கு வந்துவிட்டாள். உன் அம்மா அவளை உட்காரவைத்துத் தோசை சுட்டுப் பசியாறக் கொடுத்தாள், இருவரும் பேசிப் பேசி வெயில் ஏறிவிட்டது.

படம் வெட்டி அனுப்பி எங்களைக் கிளப்பிவிட்டவள் நீ, நன்றாயிரு மகளே. உங்கள் குவார்ட்டர்ஸ் குளியலறை வெள்ளை ஓடு என்கிறாய், குழந்தை நடக்கிற வயது, நாரால் பின்னிய பாய் ஒன்று அவசியம் போடு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் கிடைக்க வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மறக்காதே, ஜெய்னம்புவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அவள் வீட்டுக்காரர் சுப்ஹான் படித்துக் காட்டுவார். நான் நன்றி சொல்லப் போனால் அவள் எதிரே எனக்குப் பேச்சு வரமாட்டேன் என்கிறது.

உன் அன்புள்ள அப்பா,
சபாபதி