எழுதாத ஓர் அடி

ஜெகதாப்பட்டினம்
12-8-1962

என் மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் பாட்டை யாரோ வேறு பெயரில் இசைத்தட்டாக விற்கிறார்களாம், கேட்டுச் சொல், வழக்குப் போடலாம் என்று பினாங்கிலிருந்து எழுதியிருந்தீர்கள்.

நேற்று எதிர்வீட்டு நிக்காஹ் பந்தலில் மைக்செட்டில் அதைப் போட்டார்கள். சந்தேகமே இல்லை. தர்கா கந்தூரியில் நீங்கள் பாடியதைத்தான் எவனோ டேப்பில் பிடித்துத் திருடியிருக்கிறான். நடுவில் நம் மகள் மைமூன், “அத்தா, தூக்கம் வருது” என்கிறாள். நீங்கள் ராகத்தை விடாமல், “இந்தா வாரேன் கண்ணு” என்று பாட்டோடு சேர்த்தே பாடுகிறீர்கள்.

பந்தலில் இருந்த பிள்ளைகள் அதையும் பாட்டின் அடி என்று நினைத்துக் கூடவே பாடினார்கள். நான் பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

வழக்கு வேண்டாம் மச்சான். ஜெயித்தால் தட்டுகளையெல்லாம் பறித்து உடைத்துவிடுவார்கள். அவள் குரல் வேறு எங்கே இருக்கிறது?

அவளை அடக்கம் செய்த மறுவாரமே கப்பல் ஏறினீர்கள். அவள் தலைமாட்டில் நட்ட மருதாணி என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

தட்டு சுற்றும்போதெல்லாம் அவள் கூப்பிடுகிறாள், நீங்களும் வாரேன் என்கிறீர்கள். ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா