மீசை முளைக்காத லக்

ஜூன் 3, செவ்வாய்
ப்ளஸ் டூ முடிந்தது. கல்லூரி திறக்கும்வரை பாபநாசத்தில் அப்பாவின் மோட்டார் கடையில் எனக்கு ஆயுள் தண்டனை. மேலே தகரம், கீழே வறுவலாக நான்.

கேபிள் முனையில் லக் என்ற செம்புத் தொப்பியை மாட்டி இறுக்க இரண்டு கிரிம்பிங் கருவிகள்: சிவப்பு, நீலம். வேறு வேறு கம்பெனி. லக்கைக் கடிக்கும் இரண்டு பாதி அச்சுக்கு டை என்று பெயர். மெக்கானிக் துரைராசு மாமாவுக்குத் தலையிலும் டை, கையிலும் டை. “கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன் லின்சி.” தினமும் இதே வசனம்.

திறக்க வைக்கிறேன். இரண்டு டையிலும் அளவு 16 என்றே இருக்கிறது, பள்ளத்தின் ஆழம்தான் வேறு. மேல் பாதிகளை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டேன். லக் ஓரத்தில் மீசை மாதிரிப் பிதுங்கும், மாமா முழிப்பார்.

ஜூன் 4
மீசை முளைக்கவில்லை. வழவழவென்று வந்தது. ஐந்து பம்ப்செட்டுக்குப் பதினைந்து லக் அடித்தார், கவனிக்கவே இல்லை. சப்பென்று போனது. சாயங்காலம் பழையபடி மாற்றிவிட்டேன்.

ஜூன் 7, சனி
அந்த ஐந்து பம்ப்செட்டில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் வீரையன், கருகிய கேபிளோடு வந்தார். “ஆசீர்வாதம் சார், என் நாத்தங்கால் காயுது! இதான் உங்க வேலையா?”

அப்பா இரண்டு விரலால் இழுத்தார். லக் ஆடிய பல் மாதிரி கழன்று வந்தது. உள்ளே இறுகவே இல்லை. அதனால்தான் சூடாகிக் கருகியிருக்கிறது.

“என்ன துரை இது?”

“முழுசா அமுக்காம விட்டுட்டேன் போல...” மாமா தன் கைகளையே பார்த்தார்.

நான் விளக்குமாற்றை எடுத்துச் சுத்தமான தரையைப் பெருக்கினேன்.

ஜூன் 8, ஞாயிறு
சர்ச்சில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை போய்த் திரும்பினேன்.

ஜூன் 9
மாமா வரவில்லை. “கையில புடி போயிடுச்சாம். இனிமே வேலை வேணாங்கிறான்,” என்றார் அப்பா.

சொன்னால் அப்பா தோலை உரிப்பார். சொல்லாவிட்டால்—இன்னும் நாலு பம்ப்செட் எங்கேயோ சூடாகிக்கொண்டிருக்கிறது. ஏன்டி லின்சி, எல்லாத்துக்கும் பேசுற வாய், இப்ப என்னடி பூட்டா?

ஜூன் 10
மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். தலையில் வேரெல்லாம் வெள்ளை.

“நான்தான் மாமா டைய மாத்தினேன். மேல் பாதிய.”

பந்தை அமுக்குவதை நிறுத்தினார். “அப்ப... கை?”

“கை நல்லாத்தான் மாமா இருக்கு.”

பந்தை என்மேல் விட்டெறிந்தார். நெற்றிப்பொட்டில் விழுந்தது. குறி தப்பவில்லை.

“நாலு பேருக்கும் போன் போடு. மோட்டாரப் போடாதீங்கன்னு சொல்லு. மொதல்ல அது. அப்பறம் உங்கப்பாகிட்ட நட.”

ஜூன் 11
அப்பா அடிக்கவில்லை. பேசவும் இல்லை. அதற்கு அடியே தேவலாம். டைகளுக்குச் சிவப்பும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்தேன்.

ஜூன் 14, சனி
கடைசி பம்ப்செட். மாமா வண்டியின் பின்னால் நான், மடியில் சிவப்புக் கருவி. அவர் தலை கருகருவென்று இருந்தது. கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

பழைய லக்கை வெட்டிப் புதியது அடித்தார், கண்ணைத் திறந்துகொண்டே. கேபிளை என்னிடம் நீட்டினார்.

“இழு. வரப்புல கால ஊனி இழு.”

இழுத்தேன். வரவில்லை.