மூச்சுக்கு விட்ட கொப்பு

மாரியம்மன் துணை

மேமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
வட்டகொடை.
04.03.2002

கொழும்பில் இருக்கும் என் பேத்தி ஊர்மிளாவுக்கு,

உன் அப்பாயி சண்முகவடிவு சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பனும் கோழி ஆறும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, கடை மாடிப்படியில் பார்த்து ஏறி இறங்கி, சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பன் விஜிதரன், அம்மா நீங்க சொல்லுங்க நான் எழுதித் தாறேன்னு பேனாவோடு வந்தான். வேண்டாம்டா என்று விட்டேன். நான் பத்துச் சொன்னால் அவன் நாலு எழுதுவான். மூணாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். எழுத்துக் கோணலாக இருக்கும். எழுத்தைப் பார்க்காதே, விஷயத்தைப் பார்.

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. மூன்று தரம் படித்தேன். பத்திரிகைக்காரர்கள் உன்னிடம் இன்னொரு கதை கேட்டிருக்கிறார்கள், மார்ச் முப்பத்தொன்றுக்குள் அனுப்ப வேண்டும், ஆனால் நீ அனுப்பப் போவதில்லை. உன்னோடு துணிக்கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் முதல் கதையைப் படித்து, தேயிலைச் செடி பேசுதாம்டின்னு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நீ எழுதி வைத்திருந்த கொப்பியைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டு விட்டாயாம். அரைப் பக்கக் கதையை யார் வாசிக்கப் போறாங்க, வாசிச்சு என்ன ஆகப் போகுது அப்பாயின்னு கேட்டிருக்கிறாய்.

கேட்டாய் அல்லவா, பதில் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் உன் கதையில் உள்ள பிழையைச் சொல்லி விடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. கவ்வாத்து வெட்டுகிறவர்கள் மலை முழுக்க முழங்கால் உயரத்துக்கு வெட்டிக்கொண்டு வருகிறார்கள், செடிக்கு ஒரு கொப்பை மட்டும் மூச்சுக்கு என்று விட்டு வைக்கிறார்கள், துளிர் வந்த பிறகு அதையும் வெட்டி விடுகிறார்கள் என்று எழுதினாய். அது வரைக்கும் சரி. வலது பக்கம் கத்தித் தழும்பு உள்ள ஒரு கிழட்டுக் கொப்பு, வெட்ட வருகிற நாளில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொண்டது என்று எழுதினாயே, அதுதான் இடிக்கிறது. முப்பத்தொன்பது வருசம் கொழுந்து எடுத்தவள் நான். எந்தக் கொப்பும் படுத்ததை நான் பார்த்ததில்லை. ஆள் போன பிறகு அது எழுந்து மரமாகி, மலைக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்த்ததாம். நம்ம உச்சி மலையில் ஏணி போட்டு ஏறினாலும் கொத்மலை அணைக்கட்டுத் தண்ணிதான் தெரியும். அதோடு, கொப்பு என்றால் போதாதா, கிழட்டுக் கொப்பு என்று எழுத வேண்டுமா.

ஆனால் அந்த மரம் உச்சியில் நின்று கீழே இருக்கிற செடிகளுக்குச் சொல்கிறதே, நாம செடி இல்லடி, மரம், வெட்டி வெட்டித்தான் செடியா வச்சிருக்காங்கன்னு, அந்த இடத்தில் எனக்குப் பிழை சொல்லத் தெரியவில்லை.

யார் வாசிக்கப் போகிறார்கள் என்றாயே. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம்ம தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற குணபூசணி டீச்சர் அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தாராம். பிறகு கத்தரித்துச் சுவரில் ஒட்டினார். பிள்ளைகள் தடவித் தடவி மூலை கிழிந்து, இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. பக்கத்து வீட்டு நாகலெட்சுமி இன்னொரு பத்திரிகை வாங்கி, பீலிக்கரைக்குக் கொண்டு வந்து, தண்ணீர் பிடிக்க நின்ற எல்லோருக்கும் சத்தமாக வாசித்தாள். மீனம்மாவின் வாளி நிறைந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. மீனம்மா மெதுவாக, அப்ப நாமளும் மரந்தானான்னு கேட்டாள். நீ மரமில்லடி, தூணுன்னு யாரோ சொல்ல, ஒரே சிரிப்பு. மறு நாள் மலையில் ஒருத்தி பின்னால் ஒருத்தி, மரம் வருது, வழி விடுங்கன்னு சொல்லிச் சொல்லிக் கொழுந்து எடுத்தார்கள். என்ன இளிப்புன்னு கணக்கப்பிள்ளை கேட்டாராம். ஐயாவுக்குச் சொன்னா வெளங்காதுங்கன்னு மீனம்மா சொல்லி விட்டாள். அவள் இப்போது சிங்களம் எழுதப் படிக்கிறாள். அடையாள அட்டைப் பாரத்தைத் தானே நிரப்ப வேண்டுமாம். இத்தனை நாள் அந்த ஆசையை யாரிடமும் சொல்லவில்லை அவள்.

எனக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நாலு, மாசி மாசம். எனக்குப் பதினோரு வயசு. காமன் கூத்தில் ரதி வேஷம் கட்ட என் அண்ணன் பொன்னையாவை எங்கள் அப்பா பழக்கினார். லயத்து அறை ஒன்றுதானே, அவர் ஒரு மூலையில் பாட்டுச் சொல்லிக் கொடுக்க, நான் அடுத்த மூலையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பேன். அண்ணனுக்கு வரவில்லை. எனக்கு வந்து விட்டது. எனக்கு வந்ததை யாரும் கேட்கவில்லை.

கூத்து அன்றைக்குக் காமன் பொட்டலில் ரதி ஒப்பாரி வைக்கிற இடத்தில் அண்ணன் பாட்டில் ஓர் அடியை மறந்து முழித்தான். நான் கூட்டத்துக்குள் நின்று பாடி விட்டேன். அதுதான் மூக்கன் கூத்து வாத்தியாராக வந்த முதல் வருசம். தப்பு மேளம் அடிக்கிறவர்களைக் கையைக் காட்டி நிறுத்தி விட்டு, எல்லோருக்கும் முன்னால், பொம்பளப் புள்ள வாயை மூடு, காமன் கோவிச்சுக்குவாருன்னு சொன்னார். என் பாவாடை பச்சை நிறம். அவர் தலையில் காவித் துண்டு. எல்லாம் அப்படியே இருக்கிறது.

அன்றோடு அந்த ஆளிடம் நான் பேசவில்லை. அவர் வீட்டுக் கல்யாணம் மூன்றுக்கும் பாக்கு வைத்தார்கள், போகவில்லை. அவர் பெண்சாதி செத்த போது போனேன். அது அவளுக்காக.

ஆனால் வருசா வருசம் கூத்துக்குப் போனேன். பொட்டலில் கொய்யா மரத்தடிதான் என் இடம். இருபது வருசமாக அழகன்தான் ரதி. ஆட்டம் நன்றாக ஆடுவான், பாட்டு அவனுக்கு ஓட்டைப் பானை. அவன் மறக்கிற இடத்தில் எல்லாம் நான் மரத்தடியிலிருந்து அடி எடுத்துக் கொடுப்பேன். கிழவி சும்மா இருக்காதான்னு பொடிப்பயல்கள் சிரிப்பார்கள். எனக்கு வேண்டியது எடுத்துக் கொடுப்பது இல்லை, ஊர்மிளா. காப்புக் கட்டி, தப்புக்குப் பக்கத்தில் நின்று, முழுப் பாட்டையும் ஒரு தரம் பாட வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன் மனசுக்குள். வெளியில் கேட்கவே இல்லை.

உன் கதையை வாசித்த வெள்ளிக்கிழமை, மடித்து வைத்திருந்த ஊதாச் சீலையைக் கட்டிக்கொண்டு மூக்கன் வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவருக்கு எழுபத்தெட்டு வயசு. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வாங்க போங்க ஒன்றும் சொல்லாமல், இந்த மாசிக்கு ரதி பாட்டு நான் பாடுறேன்னு சொன்னேன். அவர் நிமிரவே இல்லை. இதைக் கேக்க உனக்கு நாப்பத்தெட்டு வருசமா வடிவுன்னு கேட்டார். பிறகு சொல்கிறார், அழகனை எப்பவும் கொய்யா மரத்தைப் பாத்து நிக்க வைக்கிறனே, ஏன்னு நெனச்ச, நீ எடுத்துக் குடுப்பன்னுதான், நீ வராத வருசம் எனக்குக் கூத்தே இல்லன்னு.

எனக்குச் சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை ஐம்பத்தஞ்சிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமேன்னு கேட்டேன். நீ எங்க வீட்டுப் பக்கம் வந்தாத்தானே சொல்றதுக்குன்னு சொன்னார். பாதிக் கோபத்தை அங்கேயே விட்டு விட்டேன். மற்றப் பாதியை வைத்திருக்கிறேன். அது என் உரிமை.

தோட்டத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளைக்குக் காப்புக் கட்டுன வழக்கம் நம்ம தோட்டத்துல இல்லைங்கன்னு சொன்னார். ரதி என்னங்க ஆம்பளையான்னு மூக்கன் கேட்டார். தலைவர் அரை நாள் யோசித்து விட்டுச் சரி என்றார். என் முட்டிக்கு ஆட முடியாது. அதனால் அழகன் ஆடுவான், நான் பாடுவேன் என்று முடிவு. காப்புக் கட்டும் போது இடது கையை நீட்டச் சொன்னார்கள். நான் வலது கையை நீட்டினேன். பாடுறது நான், எந்தக் கைன்னு நான் சொல்றேன்னு சொன்னேன். கவ்வாத்துக் கத்தி கிழித்த பழைய தழும்புக்கு மேலே மஞ்சள் கயிறு கட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கூத்து அன்றைக்குப் பௌர்ணமிப் போயா, வேலை இல்லை. காமனை எரித்து, விடிந்து, பனி மலையை விட்டு எழும்புகிற நேரம் ரதி முறை வந்தது. அழகன் சீலை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஆடினான். நான் தொடங்கினேன். தப்புச் சத்தம் நெஞ்சுக்குள் போனது. மூக்கன் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். உன் அப்பன் கூட்டத்தில் நின்று ஆ என்று பார்த்துக்கொண்டு இருந்தான், வாயில் ஈ போயிருக்கும்.

இப்போது எழுதப் போவதை உன் அப்பனிடம் சொல்லாதே. நடுப் பாட்டில் எனக்கு மறந்து விட்டது. எனக்கு. எந்தத் தீபாவளிக்கு யார் என்ன சீலை கட்டினாள் என்று சொல்லக் கூடிய எனக்கு, அண்ணன் மறந்த அதே அடியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. தப்பு ஓடுகிறது, அழகன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். ஐம்பத்து நாலாம் வருசம் மறுபடி வந்து விட்டதோ என்று நினைத்தேன்.

அப்போது கொய்யா மரத்தடியிலிருந்து அந்த அடி வந்தது. பார்த்தால் நாகலெட்சுமி. இருபது வருசமாக எனக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு அவளுக்குப் பாடமாகி இருக்கிறது, எனக்குத் தெரியவே தெரியாது. அவள் விட்ட இடத்தில் மீனம்மா, அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர். நான் பிடித்துக்கொண்டேன். யாரும் யாரையும் வாயை மூடு என்று சொல்லவில்லை. காமனும் கோபிக்கவில்லை. மதியம் நல்ல வெயில் அடித்தது.

எண்பத்தேழில் நாகலெட்சுமி என் செம்பை இரவல் வாங்கி நெளித்துக் கொடுத்தாள், உனக்குச் சொல்லி இருக்கிறேன். அந்த விஷயம் முடிந்தது, இனிப் பேச மாட்டேன். ஆனாலும் நெளித்தது அவள்தான்.

வாசித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டாய். இதுதான் ஆனது. அரைப் பக்கக் கதை. அடுத்த மாசிக்கு நாங்களும் படிக்கிறோம் என்று ஆறு பொம்பளைகள் மூக்கன் வாத்தியாரிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஊர்மிளா அக்கா அடுத்த கதை எப்ப எழுதுவான்னு பிள்ளைகள் கேட்கிறார்களாம், டீச்சர் என்னைக் கண்ட இடத்தில் எல்லாம் சொல்கிறார். நான் என்ன சொல்லட்டும், துணிக்கடைப் பிள்ளைகள் சிரித்தார்கள், அதனால் படுத்து விட்டாள் என்றா. படுத்தாலும் பரவாயில்லை, ஆள் போன பிறகு எழுந்து விட வேண்டும். அதை எழுதியது நீதான்.

இதோடு நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே என் காப்புக் கயிறு இருக்கிறது. ஆற்றில் விட வேண்டியது, வாத்தியாரிடம் கேட்டுத்தான் அனுப்புகிறேன். கையில் கட்டாதே, எழுதுகிற பக்கத்தில் வை. இந்தக் கொப்பியையும் கிழித்தாய் என்று வை, எத்தனை வருசமானாலும் எனக்கு ஞாபகம் இருக்கும். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. தலையில் எண்ணெய் வை. மாரியம்மன் உன் கூடவே நடந்து வருவாள். உன் கடைக்கு ரொம்பக் கிட்டத்தில் கடல் இருக்கிறதாம், அப்பன் சொன்னான். இந்த ஞாயிற்றுக்கிழமை போய் நன்றாகப் பார். பார்த்து, எப்படி இருக்கிறது என்று கீழே இருக்கிற எங்களுக்கு எழுது.

இப்படிக்கு,
உன் வரவையும் எழுத்தையும் எதிர்பார்த்திருக்கும் அப்பாயி,
சண்முகவடிவு