அவர் போன் கோயிலுக்குள் போன நாள்

வியாழன்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

மகள் தாரணியின் பள்ளியில் புதையல் தேடும் போட்டி. சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில். கேள்வி போனில் வருமாம். இடத்தைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். தமிழ் டீச்சர் கூப்பிட்டார்: "அக்கா, ஒரு குழுவுக்கு ஒரு போன் போதும். துணைக்கு நீங்களும் வாங்க."

"உங்க போன்ல கேமரா உடைஞ்சு போச்சு லா. அப்பா போன் எடுத்துக்கவா?" என்றாள் தாரணி.

அலமாரியிலிருந்து எடுத்தேன். அவர் போனதிலிருந்து அணைந்தே கிடந்தது. சார்ஜ் போட்டேன். பூட்டு எண் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

வெள்ளி

வீட்டு விளக்கு ஏற்றினேன். முன்பெல்லாம் வெள்ளி என்றால் கோயில். வருஷம் திரும்பும்வரை தீட்டு, உள்ளே போகக் கூடாது. எட்டு மாதம் ஆகிறது. அழுகை வரவில்லை. பசியும் அவ்வளவாக இல்லை.

வாங்கியது: கத்திரிக்காய், தயிர், போனுக்கு டேட்டா. கணக்கில் எழுதியாயிற்று.

சனி

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில். நல்ல வெயில். தாரணியும் அவள் தோழி ஷாலினியும் ஒரு குழு. பூக்கடை, பழைய அச்சகம், முறுக்குக் கடை என்று ஓடிக்கொண்டே இருந்தார்கள். நான் தண்ணீர் போத்தலோடு பின்னால்.

நாலாவது கேள்வி கோயில் மண்டபத்துத் தூணில் எத்தனை மயில் என்று. படமும் வேண்டும். தாரணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா லா, என்ன நிக்கிற?" என்று ஷாலினி இழுத்தாள்.

"நாங்க உள்ள போகக் கூடாது. அப்பா செத்து இன்னும் வருஷம் ஆகல." பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

வெளியே வந்த பையன்கள் குழு: "என்னங்கடி, வெளிய நின்னே எண்ணிருவீங்களா?"

"போங்கடா!" என்றாள் ஷாலினி. பிறகு என்னிடம், "ஆன்டி, நான் மட்டும் போறேன். போன் உள்ள போலாமா? அங்கிளோட போனாச்சே."

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசிவரை அவர் தலைமாட்டில் கிடந்த போன். இதற்கு என்ன முறை? யாரைக் கேட்பது?

"போகட்டும்மா" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். உள்ளே மணிச் சத்தம். நானும் தாரணியும் வாசலில். அவள் நகம் கடித்தாள். நான் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது ஷாலினியின் நெற்றியில் விபூதி. போன் திரையிலும் கொஞ்சம்.

மயிலை எண்ணியதில் தவறாம். மூன்றாவது இடம். ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள்.

ஞாயிறு

மழை. ரசம், அப்பளம் மட்டும்.

"அம்மா, போட்டியில எடுத்த படத்தெல்லாம் அழிச்சிரவா? டீச்சருக்கு அனுப்பியாச்சு."

காட்டச் சொன்னேன். பூக்கடை, அச்சகம், முறுக்கு. பிறகு தூண். மயில்கள் கோணலாக. தூணுக்குப் பின்னால், ஓரத்தில், தூரத்தில் முருகன். முகம் மங்கல். வேல் மட்டும் தெளிவு.

"இத விட்டுரு."

"இது சரியா விழலயே மா."

"இருக்கட்டும்."

நான் வாசலைத் தாண்டவில்லை. இது சாமி பார்த்ததாகுமா, ஆகாதா, தெரியவில்லை.

சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு, தாரணி பூட்டை எடுத்துக் கொடுத்த போனில் அந்தப் படத்தைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்துவிடுகிறது. தொட்டேன். வந்தது. அணைந்தது. தொட்டேன்.