மாதா பெயரில் சொன்ன பொய்

இயேசு மரி சூசை

ராயப்பன்பட்டி
நவம்பர் 19

அன்பு மகள் அனிதா மேரிக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் உன் அப்பாவும் சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அபிதாக்குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் செபமாலையில் உங்களை நினைத்துக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவளுக்கு இதென்ன புதிதாகக் கடிதம் என்று முழிப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் குழந்தை அழும், இல்லாவிட்டால் உனக்கு டியூட்டிக்கு நேரமாகும், அதுவும் இல்லாவிட்டால் உன் அப்பா பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு நிற்பார். உன் ஆஸ்பத்திரிக்கே வேலைக்கு வருகிற கூடலூர்ப் பெண் நாளை மறுநாள் புறப்படுகிறாள், அவளிடம் ஏலக்காயும் இட்லிப்பொடியும் கொடுத்து இதையும் உள்ளே வைக்கிறேன். தனியாக உட்கார்ந்து படி.

இங்கே பத்து நாளாக மழை, சுருளி அருவியில் யாரையும் குளிக்க விடவில்லை. பழம் பழுக்கிற நேரம் பார்த்துப் பெய்ததில் நம் திராட்சைப் பந்தலில் பாதிக் குலை வெடித்துப்போனது, உன் அப்பா பந்தலுக்கு அடியில் நின்று வானத்தைப் பார்த்துத் திட்டுகிறார், உடனே பயந்துபோய் சிலுவை போட்டுக்கொள்கிறார். தம்பி ஆண்டனி ராஜ் கம்பத்தில் மோட்டார் ரிப்பேர் கடையில்தான் இருக்கிறான், பூசைக்கு வாடா என்றால் மட்டும் அவனுக்கு எங்கிருந்துதான் தலைவலி வருமோ. பக்கத்து வீட்டு முருகம்மாளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தெருவில் அவள் நடக்கிற நடையை நீ பார்க்க வேண்டுமே! உன்னை விசாரித்தாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் முடக்குவாதம் உனக்கும் வந்துவிட்டது என்று நீ சொல்லி எட்டு மாதம் ஆகிறது. காலையில் இரண்டு மணி நேரம் விரல் மடங்கவில்லை, குழந்தையின் கோட்டு ஜிப்பைக்கூட இழுத்துவிட முடியவில்லை என்று போன வாரம் அழுதாய். பிறகு, அபிதாவ ரெண்டு வருசம் அங்கன கொண்டாந்து விடட்டுமாம்மா, நான் ஒடம்பத் தேத்திக்கிட்டுக் கூப்பிட்டுக்கிறேன் என்று கேட்டாய். குழந்தையிடம் உன் வலியைச் சொல்லாமல், தமிழ் படிக்கப் போகிறோம், தாத்தா தோட்டத்தில் திராட்சை பறிக்கப் போகிறோம் என்று சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னாய். உன் அப்பாவுக்கு அன்றைக்கே கால் தரையில் பாவவில்லை. மறுநாள் டிவிஎஸ் வண்டியின் முன்னால் சின்ன சீட் மாட்டிவிட்டார், பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டு வந்தார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்தப் பிள்ளையை ஒரு தரம்தான் தூக்கியிருக்கிறேன், அதுவும் அவள் ஒரு வயதில் லீவுக்கு வந்தபோது. அவள் இந்த வீட்டில் ஓடித் திரிந்தால் எனக்கு வேறு என்ன வேண்டும்? ஆனாலும் வேண்டாம் அனிதா. அனுப்பாதே. இதை எழுத எனக்கு மனசு வரவில்லை, வராவிட்டாலும் எழுதுகிறேன். ஏன் என்று சொல்வதானால் இருபத்தாறு வருஷமாக நான் விழுங்கி வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு இந்த வலி வந்து அதற்குள் ஒரு வருஷம் ஆகியிருந்தது. உன் பன்னிரண்டு வயதில் என்னைத் தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் வியாதி வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், டாக்டரிடமும் நான் அப்படித்தான் சொன்னேன், அது பொய். அன்றைக்கு நமக்குச் சொந்தப் பந்தல் கிடையாது, ஊரார் பந்தலில்தான் எனக்கு வேலை. நாளெல்லாம் கையைத் தூக்கியபடி நின்று கொடி கட்டுகிறவளுக்குத் தோளும் மணிக்கட்டும் வலிக்கத்தானே செய்யும் என்று முதலில் விட்டுவிட்டேன். அப்புறம் காலையில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. சோறு எப்படியோ ஆக்கிவிடுவேன், துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் காயப்போட்டுவிடுவேன், உன் முடியை என்ன செய்வது? இடுப்பு வரைக்கும் முடி உனக்கு, இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டாமல் பள்ளிக்கூடத்துக்குள் விட மாட்டார்கள். ஒரு சடை பின்னுவதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், நீ தலையை ஆட்டினால் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பேன். முருகம்மாள் ஒருநாள் பார்த்துவிட்டு, புள்ளைய இங்கன அனுப்பு, எம்மக கூடச் சேத்துப் பின்னி விடுறேன் என்றாள். எனக்கு வீம்பு. கை முடியாதவள் என்று தெரிந்தால் பந்தல் வேலைக்கு எவன் கூப்பிடுவான் என்று பயம் வேறு.

அந்தச் சமயம் தம்பிக்கு மஞ்சள் காமாலை வந்து தேறினான், ஞாபகம் இருக்கிறதா? தம்பி பிழைத்தால் அக்காள் முடியை மூன்று வருஷம் தருகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டதாக எல்லாரிடமும் சொன்னேன். நான் எதையும் நேரவில்லை அனிதா. வாயாலும் சொல்லவில்லை, மனசாலும் நினைக்கவில்லை. உன் முடியை இறக்கிவிட்டால் காலையில் பின்ன வேண்டாம், அவ்வளவுதான். நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டால் யார் குறுக்கே பேசுவார்கள்? திரும்பி வருகிற பஸ்ஸில் சந்தனம் தடவின தலையோடு நீ அழுதுகொண்டே வந்தாய், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி இனிமே நல்லா இருப்பான்லம்மா என்று கேட்டாய். இருப்பான்டி என்று சொல்லி அந்தப் பொய்யையே உறுதியாக்கிவிட்டேன். அடுத்த வருஷம் நீ முதல் தரம் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு இருபது நாள் இருக்கும்போது இரண்டாவது மொட்டை. வெள்ளைக் கவுன் போட்டு முக்காடு வைத்தால் அது தலையில் நிற்காமல் வழுக்கியது, கிரீடத்தோடு சேர்த்துத் தாடைக்குக் கீழே நூல் போட்டுக் கட்டினோம். போட்டோவில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரிக்க, நீ மட்டும் நூலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அந்தப் போட்டோவை நீ சுவர் பக்கமாகத் திருப்பி வைப்பாய், உனக்குத் திமிர் என்று அதற்கும் திட்டினேன்.

மொட்டைகூடப் பெரிதில்லை. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு பேரும் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது, சின்னதுல என்னைய ஒனக்குப் புடிக்கவே புடிக்காதுன்னு நெனச்சிருந்தேம்மா என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். போடி பைத்தியக்காரி என்று சொல்லிவிட்டு அடுத்த பூவை எடுத்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தால் உதறிவிடுவேன், பிடிக்காமல் இல்லை, நீ பிடித்த இடம் தீப்பட்ட மாதிரி எரியும். மடியில் ஏறினால் இறக்கிவிடுவேன், அதுவும் முட்டி வலிதான். வலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ புரிந்துகொண்டிருப்பாய். சொல்லாததால் நீயே உனக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாய், அம்மாவுக்கு நம்மைப் பிடிக்காது என்று. என் வியாதி தெரிந்த பிறகு பன்னிரண்டு வயதில் நீ என்ன செய்தாய்? பள்ளிக்கூடம் போகுமுன் வெந்நீர் வைத்து என் கை இரண்டையும் அதில் முக்கி, முந்நூறு வரைக்கும் எண்ணாமல் எடுக்க விட மாட்டாய். நாலு வருஷம் முன்னாலேயே அந்தப் பிள்ளை எனக்குக் கிடைத்திருப்பாள், நான்தான் கெடுத்துக்கொண்டேன்.

அபிதாவும் உன்னைப் போலத்தான் நினைப்பாள். திராட்சை பறிக்கவா ஒரு குழந்தையை ஏழு கடல் தாண்டி அனுப்புவார்கள்? நான் என்ன சேட்டை செய்தேன், ஏன் அம்மா அனுப்பிவிட்டாள் என்று இங்கே எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாள், அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டீங்க சரி, மககிட்ட கேட்டீங்களா என்றார். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடமும் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தரியைத் திண்ணையில் வைத்தார். அப்புறம், பந்தல்ல அம்புட்டுக் கொடியையும் கட்டுறவனுக்கு ரெண்டு சடை பின்ன வராதாடி, ஒரு வார்த்தை கேட்டியா என்றார். கேட்கவில்லைதான். வண்டி சீட்டைக் கழற்றட்டுமா என்றேன், இருக்கட்டும், லீவுக்கு வரும்போது புள்ள ஒக்காரட்டும் என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதனால்தான் சொல்கிறேன், நீ மாப்பிள்ளையிடம் கேள். காலை டியூட்டியை மாற்ற முடியுமா என்று வாயைத் திறந்து கேள். ஜிப்பை அவளே இழுத்துக்கொள்ளட்டும், பள்ளிக்கு நேரமானால் ஆகட்டும், டீச்சரிடம் விஷயத்தைச் சொல். நானே வந்துவிடலாம், ஆனால் அந்தக் குளிரில் நாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி முனகிக்கொண்டு கிடப்போம், மாப்பிள்ளை பாவம்.

வாரத்துக்கு ஒருநாள் மாத்திரையை மறக்காதே, ரத்தம் சோதிப்பதைத் தள்ளிப்போடாதே. நர்ஸுக்கு நான் சொல்வதா என்று சிரிக்காதே, தன் உடம்பு என்று வந்தால் நர்ஸுக்கும் புத்தி வேலை செய்யாது. ஆண்டவரும் அன்னையும் உன்னையும் உன் கை இரண்டையும் தொட்டு ஆசீர்வதிக்கட்டும், மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். நான் செய்ததற்கு என்னை மன்னித்துவிடு. உடனே முடியாவிட்டால் மெதுவாக மன்னி, காத்திருக்கிறேன். இன்னும் ஒன்று. வீடியோவில் பேசும்போதெல்லாம் நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன், பேத்தி பயந்துவிடுவாள் என்று. வருகிற ஞாயிறு பூசை முடிந்து கூப்பிடு, அபிதாவை உன் பக்கத்தில் உட்கார வை. இந்தக் கோணல் விரல் பத்தையும் அவளுக்குக் காட்டப் போகிறேன். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பாள், அம்மாச்சிக்கு வலிக்குது கண்ணு என்று சொல்வேன். அடுத்து அவள் உன்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். அப்போது உன் கையை மறைக்காதே, ஆத்தா.

உன்னைப் பிடிக்காமல் ஒருநாளும் இருந்திராத அம்மா,
இன்னாசியம்மாள்