நிப்பாட்டாமல் இழுத்தம், ரீச்சர்

பரலோகத்திலை நல்ல மீன் கிடைக்காமல் முகஞ்சுளிச்சுக்கொண்டிருக்கிற என்ரை அன்பு ரீச்சருக்கு,

ராசாத்தி எழுதுறன். நாலாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுற கடிதம், சிவப்புப் பேனையை எடுக்காமல் வாசியுங்கோ. நீங்கள் போய் வருசம் திரும்பப்போகுது. உங்கடை சேர்ச் ஆக்கள் நினைவு மலர் போடினமாம், பழகின ஆக்களும் எழுதலாமாம். அழுதழுது எழுதச்சொல்லி ஆரும் கேக்கேல்லை. அதாலை நான் எங்கடை சண்டையைப் பற்றி எழுதுறன்.

கொக்குவிலிலை இருந்து எங்கடை கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தனீங்கள். காலமை என்னட்டை மீன் வாங்கினால் பேசாமல் வீட்டை போறதில்லை. எங்கடை ஆக்கள் மீன்பிடிப் போட்டை மண்ணிலை இழுத்து ஏத்திறதைக் குடையோடை நிண்டு பாப்பியள்.

"ராசாத்தி, ஏன் ஒவ்வொரு இழுவைக்கும் நிக்கிறியள்?"

"மூச்சு விட, ரீச்சர். உங்களை மாதிரிக் குடை பிடிக்கிற வேலையே இது?"

அது எங்கடை பழக்கம். "ஓ அம்மாளே!" எண்டு ஒரு இழுவை, போட் ஒரு சாண் நகரும், எல்லாரும் கயித்தை விட்டிட்டு நிமிந்து சிரிப்பம். பிறகு அடுத்த அம்மாளே. நீங்கள் தலையிலை கை வைச்சியள்.

"நிக்கிறதை அசைக்கத்தான் கூடப் பலம் வேணும். அசைஞ்சதைக் கொண்டுபோகக் குறையப் பலம் போதும். நீங்கள் ஒவ்வொரு சாணுக்கும் முதலிலை இருந்து துவங்கிறியள்!"

உராய்வு எண்டு ஒரு சொல்லும் சொன்னியள். "மண்ணின்ரை வீம்பு எண்டு சொல்லுங்கோ, எல்லாருக்கும் விளங்கும்" எண்டன். ஒரு நாளும் நீங்கள் சொன்னபடி செய்து பாக்கேல்லை. பத்து ஆம்பிளையள் இழுக்கேக்கை மண் எவ்வளவு வீம்பு பிடிச்சால் எங்களுக்கென்ன?

போன கிழமைதான் தெரிஞ்சுது.

ஆம்பிளையள் எல்லாரும் கொடிகாமத்துக் கலியாண வீட்டுக்குப் போயிட்டினம். மத்தியானம் காத்து மாறிச்சுது. எங்கடை போட் தண்ணிக் கரையிலை, பக்கத்திலை கருங்கல்லு. அலை இன்னும் கொஞ்சம் ஏறினால் போட்டைத் தூக்கிக் கல்லிலை அடிச்சுப் பிளந்துபோடும். அந்தப் போட் இல்லாட்டில் எங்கடை வீட்டிலை அடுப்பு எரியாது, ரீச்சர்.

என்னோடை ஏழு பொம்பிளையள். எஞ்சினையும் வலையையும் இறக்கினம். அடியிலை உருளைக் கட்டையள் குடுத்து இழுத்தம். ஒரு சாண். வழமை போல எல்லாரும் கயித்தை விட்டிட்டம். அலை வந்து அந்தச் சாணைப் பறிச்சுக்கொண்டு போச்சுது. மூண்டு தரம் அப்பிடி.

என்ரை மச்சாள் கமலா மண்ணிலை குந்தி, "போனால் போகட்டும், விடடி" எண்டு அழத் துவங்கீட்டாள். வந்த கோவத்திலை எனக்கு உங்கடை கதை ஞாபகம் வந்துது.

"செருப்பைக் கழட்டுங்கோ! கயித்தைத் தோளிலை போட்டு, கால்விரலை ஊண்டி மண்ணைப் பின்னுக்குத் தள்ளுங்கோ, மண் எங்களை முன்னுக்குத் தள்ளும். எல்லாரும் ஒண்டா இழுக்கவேணும். அசைஞ்சால் ஆரும் நிக்கப்பிடாது!"

"சீலை அவிழ்ந்தால்?" எண்டாள் கமலா.

"அவிழட்டும். பாக்கிறவை எல்லாம் கலியாணச் சோத்திலை இருக்கினம்."

சிரிச்சுக்கொண்டே எழும்பினாள். ஆறு பேர் இழுக்க ஒராள் பின்னாலை நிண்டு தள்ள, நான் பின்னுக்குக் கழண்ட கட்டையளைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு ஓடி ஓடிப் போட்டன். முதல் அசைவுக்குத்தான் உயிர் போச்சுது. பிறகு போட் நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலை வந்துது. மேட்டுத் தாழம்பத்தையடி வரைக்கும் ஒருத்தியும் நிக்கேல்லை.

பின்னேரம் ஆம்பிளையள் வந்து, "ஆர் இதை ஏத்தினது?" எண்டு வாயைப் பிளந்தினம். "ராசாத்தியின்ரை மூளை!" எண்டினம் பொம்பிளையள். இப்ப அதுக்கு ராசாத்தி இழுவை எண்டு பேரும் வைச்சாச்சு. நானும் வாயைத் திறக்காமல் நெஞ்சை நிமித்திக்கொண்டு திரியிறன்.

ஆனால் ரீச்சர், படுத்தால் ஒரு கேள்வி குடையுது. நீங்கள் குடையோடை நிண்ட காலத்திலை ஒருக்காலெண்டாலும் நான் செய்து காட்டியிருக்கலாமே? எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பியள். நீங்கள் வெண்டிடுவியள் எண்டுதான் என்ரை வீம்பு விடேல்லையோ?

இப்ப சொல்லுறன்: நீங்கள் சொன்னது சரி. நாளைக்குக் காலமை, கயித்திலை ஆரும் கை வைக்க முன்னம், இது ரீச்சரின்ரை இழுவை, ராசாத்தி மீன் மட்டும்தான் வித்தவள் எண்டு எல்லாருக்கும் கேக்கக் கத்துவன். சிரிக்கிறவை சிரிக்கட்டும். கத்தி முடிச்சுத்தான் இழுப்பன்.

ஒரு வயித்திலை பிறக்காட்டிலும் காலமைக்குக் காலமை உங்களோடை சண்டை கொழுவின உங்கடை தங்கச்சி,
ராசாத்தி