டீயாகிப் போன பனிக்கட்டி

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? இந்த மலையுச்சியில் நான் சுகம்.

செவ்வாய்க்கிழமை சமையல் கூடாரத்தில் இந்தப் பனி ஆராய்ச்சிக்குத் தலைவரான பெரிய சார், பனியில் துளை போடும் தம்பி, குளிரை அளக்கும் பெண், சமைக்கிற நான், இவ்வளவு பேர்தான் இருந்தோம். வெளியே போய்ப் பனி அள்ளச் சோம்பல்பட்டு, வாசலில் பெட்டிக்குள் இருந்த பனிக்கட்டியை உடைத்து டீ போட்டுவிட்டேன். எல்லோரும் குடித்த பிறகுதான் தம்பி பெட்டியைத் திறந்தான்.

"பாட்டி, பன்னெண்டு நாள் துளைச்சு அடியிலேருந்து எடுத்தது! ஆயிரம் வருஷத்துக் குளிரும் மழையும் அதுலதான் தெரியும்" என்று அழுதேவிட்டான். இந்த வருஷம் மறுபடி துளைக்க நாளில்லையாம்.

பெரிய சார் மட்டும், "டீ நல்லாத்தான் இருந்துச்சு, விடுங்க" என்று சிரித்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் பழைய கம்பளிச் சட்டையைத் துவைக்காமல் அனுப்புங்கள். தபால் கொண்டுபோகிறவர் கிளம்புகிறார். நம் கல்யாணப் பந்தியில் என்னைத் திட்டிய உங்கள் அக்காவைக்கூட மன்னித்துவிடுவேன். திட்டாமல் விட்ட பெரிய சாரை மன்னிக்கவே மாட்டேன்.